பேப்பரில தவழ்ந்தவ

எனக்க இடது காலு சூம்பின காலாக்கும். சின்னதில ஒரு காய்ச்சல் வந்து, போகும்ப காலுக்க பலத்தையும் கொண்டுட்டுப் போச்சு. இதில மறைக்கியதுக்கு ஒண்ணும் இல்ல. இடது கைய தொடையில ஊணி, ஒரு பக்கமா சாஞ்சு அடுத்த எட்டு வைப்பேன். பாக்கியவங்களுக்கு இப்பம் விழுவா, இப்பம் விழுவான்னு தோணும். நான் விழமாட்டேன். பஸ்ஸுக்குக் காத்து நிக்கப் பொறுமை இல்லாத நாளில, உதியன்குளங்கரையில இருந்து நெய்யாற்றிங்கரை சந்தைக்கு நடந்தே போய் நூலும் பட்டனும் வாங்கிட்டு நடந்தே வருவேன். எனக்குப் பொறுமை இருக்கிய நாளு குறைவு.

பேரு புஷ்பபாய். கையால சுத்துற தையல் மிஷின் ஒண்ணு உண்டு. அதுதான் எனக்க சொத்து. அண்ணன் வீட்டில வடக்குப்புற முறியில மிஷினும் நானும் கிடந்தோம். மயினி, அதாவது அண்ணனுக்க பெண்டாட்டி, மோசம் ஒண்ணும் இல்ல. ஆனா அண்ணன் வீடு அண்ணன் வீடுதானே. சோத்துல கொஞ்சம் உப்பு குறஞ்சாலும் சொல்லதுக்கு நாக்கு வராது. அப்பம்தான் எங்க சபைப் பள்ளிக்கூடத்தில தையல் டீச்சர் வேலைக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க. மானேஜர் ராஜதாஸ் சாரே என்னைக் கூப்பிட்டு, "ஜூன் மாசம் பள்ளி தொறக்கும்ப வந்து சேரு பிள்ளே"ன்னு சொல்லிட்டாரு. மாசச் சம்பளம். தனியா ஒரு முறி வாடகைக்கு எடுக்கலாம். உப்பு குறஞ்சா உரக்கச் சொல்லலாம். நான் அந்த முறிக்கு ஜன்னல்துணிகூட மனசுக்குள்ள தச்சுப் போட்டாச்சு.

அந்த வருஷமாக்கும் எல்லைச் சமரம், அதாவது எல்லைப் போராட்டம், கொடிகட்டிப் பறந்தது. எங்க பக்கம் தமிழ்நாட்டுக்கா, மலையாள நாட்டுக்கா? இதே கேள்விதான் சாயக்கடையிலயும் குளத்தங்கரையிலயும். எங்களுக்கோ, வீட்டில ஏசுறது தமிழு, சந்தையில பேரம் பேசியது மலையாளம், கோவம் முத்திப்போனா ரெண்டும் கலந்து வரும். எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் கொடி தைக்கக் கொண்டு வாறது எனக்க கிட்டதான். நான் துணிய மட்டும்தான் பாப்பேன். சாயம் போகுமா போகாதா, அதுதான் எனக்க அரசியல்.

மே மாசம் உதியன்குளங்கரை முக்கில தமிழ்க்காரங்களுக்க பெரிய கூட்டம். நான் தச்ச கொடிய நானே கொண்டு குடுத்தேன். காத்தில அதுக்க ஓரம் பிரிஞ்சு போச்சு. "இந்தா, இங்கயே இருந்து தச்சுத் தா"ன்னு மேடைக்குக் கீழ ஒரு பெஞ்சு போட்டாங்க. காலை நீட்டி இருந்து தைச்சேன். ஊசி ஒரு குத்து குத்திச்சு. "சவத்தெழவே"ன்னு சொல்லிட்டு மறுபடியும் தைச்சேன். இவ்வளவும்தான் நடந்தது.

இதை ஒருத்தன் பாத்துட்டு நின்னான். பொன்னப்பன். முக்கில சோடாக்கடை வச்சிருக்கிய ஆளு. நாகர்கோயில்ல இருந்து வாற தமிழ்ப் பேப்பருக்கு ஏஜெண்டும் அவன்தான், நிருபரும் அவன்தான். காலையில பேப்பர் போடுவான், உச்சைக்கு சோடா நிறைப்பான், அந்தியில செய்தி எழுதுவான். சோடாவில உள்ள கேஸு செய்தியிலயும் கொஞ்சம் ஏறிடும்.

மறுநாள் பேப்பர் வந்தது. அண்ணன் உரக்கப் படிச்சான்: "நடக்க இயலாத நங்கை! தமிழன்னையின் அழைப்புக் கேட்டுத் தவழ்ந்தே வந்தாள்! கண்ணீரால் நனைந்த கொடியைக் கரத்தால் தைத்தாள்!"

"யாருண்ணே அது, பாவம்?"னு கேட்டேன்.

"நீதான்"னு சொன்னான் அண்ணன்.

எனக்கு உச்சியில சுருக்குன்னு ஏறிச்சு. நானா தவழ்ந்தேன்? உதியன்குளங்கரை முக்கிலயா? அந்தப் புழுதியிலயா? நல்ல வெளுத்த சேலை கட்டிட்டுப் போனேன் அன்னைக்கு! அழவும் இல்ல. ஊசி குத்தினதுக்குச் சொன்ன வார்த்தைய மட்டும் விட்டுட்டான். நிசமா நடந்தது அது ஒண்ணுதான்.

அன்னைக்கு அந்திக்குள்ள எங்க முற்றத்தில ஆளு வரத்து தொடங்கிச்சு. ஒருத்தி மரச்சீனிக் கிழங்கு கொண்டு வந்தா. ஒருத்தி முட்டை கொண்டு வந்தா. வாழ்நாள் முழுக்க எனக்க கிட்ட ஜாக்கெட் தச்சுட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போறவளுக எல்லாம் கண்ணைத் துடைச்சிட்டு நின்னாளுக. மயினி கிழங்கை எல்லாம் வாங்கி உள்ள வச்சா. "வேண்டாம்னு சொல்லு மயினி"ன்னேன். "கொண்டு வந்ததை எப்பிடிம்மா வேண்டாங்கியது, பாவம்"னு சொன்னா. அவ யாரைப் பாவம்னு சொன்னான்னு எனக்கு இப்பவும் விளங்கல்ல.

கிழங்கு போகட்டும். மூணாம் நாள் ராஜதாஸ் சார் ஆளனுப்பிக் கூப்பிட்டாரு. போனேன். அவரு வராந்தாவில இருந்தாரு, பேப்பர் மடியில கிடந்தது.

"மக்கா, கண்டேன். மனசு உருகிப்போச்சு. ஆனா பள்ளிக்கூடத்தில படி உண்டு, முற்றம் உண்டு. பிள்ளைகள் அங்ஙனயும் இங்ஙனயும் ஓடும். தவழ்ந்து வாற ஒரு டீச்சர்னு சொன்னா… உனக்குத்தான் கஷ்டம்."

"சார், நான் உங்க முன்னாடி நிக்கியேனே. நடந்துதானே வந்தேன்?"

அவரு என்னைப் பாத்தாரு. பேப்பரைப் பாத்தாரு. மறுபடியும் என்னைப் பாத்தாரு. "அச்சடிச்சு வந்திருக்கே மக்கா"ன்னு சொன்னாரு.

எனக்க வேலையில மண்ணு விழுந்தாச்சுன்னு அந்தப் படியில இறங்கும்பதான் தெரிஞ்சுது. நேரா சோடாக்கடைக்குப் போனேன்.

"பொன்னப்பண்ணே, நான் எப்பம் தவழ்ந்தேன்?"

"பதுக்கப் பேசு பிள்ளே, ஆளு நிக்கியாங்க."

"நிக்கட்டும். நான் தவழ்ந்ததை நீங்க எப்பம் கண்டீங்க?"

அவன் ஒரு சோடா உடைச்சு நீட்டினான். நான் வாங்கல்ல. "இந்தா பாரு, கொடி தைச்சா ஒரு பெண்ணுன்னு எழுதி அனுப்பினா நாகர்கோயில்காரன் குப்பைக்கூடையில போடுவான். தவழ்ந்து வந்தான்னா முதல் பக்கம். உனக்கு நல்லதுதானே செய்தேன்?"

"நடந்து வந்தான்னு எழுதினா என்ன கேடு?"

"நடந்து வாறது ஒரு செய்தியா? ஊரே நடந்துதான் வருது!"

"அப்பம் ஊரைப் போல எழுதணும் என்னையும்"னேன். எனக்க வேலை போன கதையச் சொன்னேன். அவன் முகம் வாடிச்சு. ஆளு துஷ்டன் இல்ல, அதை நான் சொல்லணும். "வழி உண்டாக்குறேன்"னு சொன்னான். அவன் அப்பிடிச் சொல்லும்பவே நான் அவனுக்க பேனாவப் பிடுங்கி ஓடையில எறிஞ்சிருக்கணும்.

அதுக்குள்ள மலையாளப் பேப்பர் இறங்கிச்சு. திருவனந்தபுரத்துக்காரன் ஒருத்தன் என்னை நெய்யாற்றிங்கரை சந்தையில கண்டிருக்கான். நான் நூல்கடைக்காரன்கிட்ட பேரம் பேசிச் சண்டை போட்டுட்டு, கோவத்தில விறுவிறுன்னு நடந்து போறதையும் கண்டிருக்கான். அவன் எழுதினான்: அந்தப் பெண்ணுக்குக் காலில ஒரு கேடும் இல்ல, எல்லாம் தமிழ்க் கட்சிக்காரங்களுக்க அபிநயம், ஜனங்களை ஏமாத்த ஒரு நல்ல காலுக்காரியை முடந்தியாக்கிக் காட்டினாங்க.

பாத்தீங்களா! ஒருத்தன் எனக்க ரெண்டு காலையும் எடுத்தான், அடுத்தவன் ரெண்டையும் திருப்பித் தந்தான். எனக்குள்ளது ஒண்ணரை. அதை ஒருத்தனும் எழுதல்ல.

கிழங்கு தந்தவளுக இப்பம் முகம் கோட்டினாளுக. முட்டை தந்தவ முட்டையத் திருப்பிக் கேட்டா. தின்னாச்சுன்னு மயினி சொன்னா. ராஜதாஸ் சாருக்க வீட்டில இருந்து வேற ஒரு சேதி வந்தது. கள்ளம் காட்டுறவளைப் பிள்ளைகளுக்க முன்னாடி நிறுத்த மாட்டாராம். போன வாரம் நடக்க ஏலாதுன்னு வேலை இல்ல, இந்த வாரம் நடக்கியேன்னு வேலை இல்ல. நான் முறியில கதவடைச்சுக் கிடந்து அழுதேன். பேப்பரில வராத அழுகை.

நாகர்கோயில் ஆபீஸுக்காரங்க பொன்னப்பனைப் பிடிச்சு உலுக்கிட்டாங்க. தவழ்ந்தான்னு எழுதினியே, நடக்கியான்னு அவன் எழுதுறானே, எதுலே உள்ளது, எதுலே பொய்யின்னு. ரெண்டும் உள்ளதாகணும், அப்பம்தான் பொன்னப்பனுக்க ஏஜென்சி நிக்கும். அவன் ஒரு ராத்திரி இருந்து யோசிச்சு, எனக்கும் வழி உண்டாக்கினான், அவனுக்கும் வழி உண்டாக்கினான். பேப்பரில வந்தது: "எழுந்தாள்! நடந்தாள்! தலைவர்களின் முழக்கம் கேட்ட நொடியில் முடங்கிய கால் நிமிர்ந்தது! எல்லைப் புறத்தில் அற்புதம்!"

எம்மா, அதுக்குப் பிறகு எங்க முற்றத்தில உள்ள தெரக்கு! நெய்யாற்றிங்கரையில இருந்து வந்தாங்க, அதியன்னூரில இருந்து வந்தாங்க, பாலராமபுரத்தில இருந்து ஒரு வண்டி நிறைய வந்தாங்க. எனக்க காலைத் தொட்டுக் கண்ணில ஒத்தினாங்க. ஒருத்தி இடது காலை விட்டுட்டு வலது காலைத் தொட்டா. "அது பண்டே நல்ல காலு அம்மா"ன்னேன். "இப்பம் எது எதுன்னு தெரியல்லியே, கர்த்தருக்க கிருபை"ன்னா. வேலாயுதன்னு ஒரு வண்டிக்காரன் நொண்டுற காளைய ஓட்டிட்டு வந்து முற்றத்தில நிறுத்தினான். தலையச் சொறிஞ்சிட்டு, "மனுசருக்கு ஆனது மாட்டுக்கு ஆகாதா டீச்சரே? ஒண்ணு தொட்டா மதி, அது போதும்"ன்னு கேட்டான். டீச்சர்னு என்னை முதல்ல கூப்பிட்டவன் அவன்தான். அதுக்காகவே தொட்டேன். காளை ஒரு உதை விட்டுது. நான் சாடி விலகினேன். "எப்பிடிச் சாடுறா பாரு!"ன்னு எல்லாரும் கைதட்டினாங்க.

நான் பழைய நடைதான் நடந்தேன். அதே சாய்வு, அதே கை ஊணல். ஒருத்தருக்கும் தெரியல்ல. ராத்திரி சோறு விளம்பும்ப மயினியக் கேட்டேன்.

"மயினி, உண்மையச் சொல்லு. நான் இப்பம் நொண்டியேனா, இல்லியா?"

கரண்டியப் பிடிச்சிட்டே என்னை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கச் சொல்லிப் பாத்தா. ஒரே வீட்டில, ஒரே கூரைக்குக் கீழ, எத்தனை வருஷமாட்டு எனக்க நடையப் பாக்கிறவ.

"கொஞ்சம் குறஞ்சிருக்கு"ன்னு சொன்னா.

சனிக்கிழமை ராஜதாஸ் சாரே வந்துட்டாரு. முகம் முழுக்க பிரகாசம். "மக்கா, தேவன் பெரியவர்! நாளைக்கு ஆராதனையில சாட்சி சொல்லு. திங்களாழ்ச்ச வந்து வேலைக்குச் சேரு. சாட்சி உள்ள ஒரு டீச்சர் கிடைக்க நம்ம பள்ளி என்ன பாக்கியம் செய்ததோ!"

எங்க சபையில அது வழக்கமாக்கும். நோக்காடு மாறினவங்க, கடலில போய்த் திரும்பினவங்க, பரீட்சையில ஜெயிச்சவங்க, எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை முன்னாடி போய் நின்னு சாட்சி சொல்லணும். எல்லாரும் அல்லேலூயா சொல்லுவாங்க. எனக்கு எவ்வளவு லேசு! எழும்பிப் போகணும், சுகமாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும், திங்களாழ்ச்ச டீச்சர். நொண்டினாலும் ஒருத்தரும் காணமாட்டாங்க. மயினியே காணல்லியே.

சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். நான் புண்ணியவாட்டி ஒண்ணும் இல்ல. வேலை வேணும், முறி வேணும், ஜன்னல்துணி வேணும். எழும்பி முன்னாடி நடக்கும்பவும் அதுதான் நாக்கில இருந்தது.

சபை நிறைஞ்சிருந்தது. முன்வரிசையில ராஜதாஸ் சார். இந்தப் பக்கம் பெண்ணுங்களுக்க வரிசையில அவருக்க பெண்டாட்டி சரசம்மக்கா, நான் தச்ச நீல ஜாக்கெட் போட்டுட்டு. கடைசியில கதவு பக்கத்தில பொன்னப்பன், கையில பென்சிலோட. அவன் ஜென்மத்தில சபைக்குள்ள வராதவன். நான் நடக்கும்ப எனக்க செருப்பு ஒண்ணு தட்டியும் ஒண்ணு இழுத்தும் அந்த அமைதியில நல்லாக் கேட்டுது. எனக்குக் கேட்டுது. அவங்க எல்லாரும் கண்ணை மூடி மனசுக்குள்ள ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தாங்க.

அப்பம்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சுகமாச்சுன்னு சொல்லிட்டா, இத்தனை வருஷம் நடந்தது யாரு? மழையில வரப்பு வழுக்க வழுக்க இவளுகளுக்க வீட்டுக்கெல்லாம் அளவெடுக்கப் போனது யாரு? பொன்னப்பனுக்க தலைவரு வந்து நடக்க வச்சாருன்னா, அதுவரைக்கும் உள்ள எனக்க நடை எல்லாம் எங்க போச்சு?

"எனக்கு சுகம் ஒண்ணும் ஆகல்ல"ன்னு சொன்னேன்.

அல்லேலூயா சொல்ல வாயத் தொறந்த கிழவர் ஒருத்தர் அப்பிடியே இருந்தாரு.

"சுகமாகியதுக்கு எனக்கு நோக்காடும் இல்ல. காலு சூம்பின காலு. நடக்கத் தொடங்கின நாளில இருந்து இந்தக் காலிலதான் நடக்கியேன், இன்னைக்கும் அதே காலுதான். நான் தவழ்ந்ததும் இல்ல, எழும்பினதும் இல்ல. சரசம்மக்கா, நீங்க போட்டிருக்கிய ஜாக்கெட்டை உங்க வீட்டில கொண்டு தந்தது யாரு? அது இந்த அற்புதத்துக்கெல்லாம் முன்னாடிதானே?"

எல்லாத் தலையும் சரசம்மக்கா பக்கம் திரும்பிச்சு. அவ நல்ல தடிச்ச உருப்படி, பைய எழும்பினா. கட்டியவரு கண்ணைக் காட்டினாரு, அவ பாக்கல்ல.

"இவதான் கொண்டு வந்தா. நடந்துதான் வந்தா. அதுவும் சொன்ன நாளுக்கு வராம தாமசிச்சு வந்தா. நான் நல்லா ஏசினேன்." பிறகு தோளைத் தொட்டுக் காட்டினா. "இந்தா, கை இறுக்கமாவும் தச்சிருக்கா."

பெண்ணுங்களுக்க வரிசையில ஒரு சிரிப்பு பொட்டிச்சு. "எனக்கும் தாமசிச்சுதான் தந்தா"ன்னு ஒருத்தி. "கிறிஸ்துமஸுக்குக் குடுத்ததை ஈஸ்டருக்குத் தந்தா"ன்னு ஒருத்தி. போதகரய்யா பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடிச்சிட்டாரு. ஆளு சிரிச்சது புஸ்தகம் குலுங்கினதில தெரிஞ்சுது. எனக்கு நாணமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அந்த ஒரு மாசத்தில முதல்தடவையா என்னை ஏசினாங்க.

வெளிய வந்தப்பம் பொன்னப்பன் பென்சிலைக் காதில செருகிட்டு நின்னான். "இதை நான் எங்ஙன எழுதியது பிள்ளே?"

"எழுதாண்டாம் அண்ணே."

அவன் எழுதல்ல. மலையாளக்காரனும் எழுதல்ல. உள்ளதைச் சொன்னா ரெண்டு நாட்டுக்கும் நம்ம வேண்டாதவங்களாக்கும்.

திங்களாழ்ச்ச சாட்சி இல்லாமலே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ராஜதாஸ் சார் கேட்டிலயே நின்னாரு, முகத்தை உம்முன்னு வச்சிட்டு. "சபையில என்னை நாணங்கெடுத்திட்டே"ன்னு சொன்னாரு.

"சார், பேப்பரை வீட்டில வச்சுட்டு வாங்க. எனக்க கூட இந்தப் பள்ளிய ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அப்புறம் வேண்டாம்னா போயிடுறேன்."

வீட்டில சரசம்மக்கா என்ன சொல்லி அனுப்பினாளோ, அவரு மறுக்கல்ல. நடந்தோம். முற்றம், கிணத்தங்கரை, படி, மேல உள்ள வகுப்பு, மறுபடியும் கீழ. படி ஏறும்ப எனக்குத் தொடை விண்ணுன்னு வலிச்சுது, சொல்லல்ல. பின்னாடி மூச்சு வாங்குற சத்தம் கேட்டுத் திரும்பினேன். சாருக்கு இழைப்பு நோக்காடு உண்டு. படியில பாதியில கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சிட்டு நின்னாரு.

"பதுக்கப் போ மக்கா"ன்னாரு. மூச்சு அடங்கினதும் அவருக்கே சிரிப்பு வந்துட்டு. "செரி, செரி. வந்து சேரு. தாமசிச்சு மட்டும் வராதே."

அப்பிடி நான் டீச்சரானேன். முதல் நாள் பெண்பிள்ளைகளுக்கு ஊசியில நூல் கோக்கப் படிப்பிச்சேன். எல்லாம் பேப்பர் கதை கேட்ட பிள்ளைகள். ஒண்ணு நாற்காலியத் தூக்கிட்டு எனக்க பின்னாடியே நடக்குது. ஒண்ணு எனக்க காலை அற்புதம் பாக்கிற மாதிரி பாத்துட்டு இருக்குது. நான் போர்டில துணிக்க படம் வரைஞ்சிட்டிருந்தேன். பின்னாடி கிசுகிசுன்னு ஒரு சிரிப்பு. திரும்பினேன்.

ஜெஸின்னு ஒரு பிள்ளை, மெலிஞ்ச உருப்படி, ரெண்டு பெஞ்சுக்கு நடுவில நடந்துட்டிருந்தா. என்னைப் போலவே. இடது கைய தொடையில ஊணி, இடுப்பை வெட்டி, சாஞ்சு, வலது காலை எட்டி வச்சு, தலைய நிமித்திப் பிடிச்சு, கொஞ்சம் கோவத்தோட. எனக்கு ஒரு நிமிஷம் மேலெல்லாம் தீப்பிடிச்சுது. பெரம்பு மேசையிலதான் கிடந்தது. ஜெஸி என்னைக் கண்டுட்டு அந்தச் சாய்விலயே கல்லாப் போனா. வகுப்பில ஊசி விழுந்தா கேக்கும், விழவும் செய்தது.

பெரம்பை எடுக்கப் போன கை பாதியில நின்னு போச்சு. எனக்க நடைய நான் ஒருநாளும் கண்டதில்ல. எப்பிடிக் காண? அன்னைக்குக் கண்டேன். தவழலும் இல்ல, அற்புதமும் இல்ல, பாவமும் இல்ல. சந்தையில பேரம் பேசிட்டு வாற ஒருத்தி.

"யாருடி உனக்கு இது படிப்பிச்சுத் தந்தது?"ன்னு கேட்டேன்.

"யாரும் தரல்ல டீச்சர்"னு அவ அழுற குரலில சொன்னா. "பாத்தேன்."

எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. பிள்ளைகள் காணாம இருக்க போர்டு பக்கம் திரும்பி, வரைஞ்சதை அழிச்சு மறுபடியும் வரைஞ்சேன். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே. ஒரு கைக்குட்டைக்க நாலு ஓரமும் மடக்கித் தச்சு முடிக்காம வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லி, அவளை முன்வரிசையில கொண்டு இருத்தினேன்.